நியூயார்க்கின் ஆர்-32 சப்வே பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்-32 என்பது என்ன?

நியூயார்க் நகரின் சுரங்க ரயிலான சப்வேயில் 1964 முதல் 2022 ஜனவரி வரை ஓடிய ஒரு ரயில் பெட்டி வகை. பிலடெல்பியாவைச் சேர்ந்த பட் நிறுவனம் 1964, 1965 ஆண்டுகளில் மொத்தம் 600 பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தது. எண்கள் 3350-இல் தொடங்கி 3949-இல் முடியும். ஒரு பெட்டியின் நீளம் 60 அடி, அகலம் 10 அடி. மேல்பூச்சு இல்லாத வெறும் எவர்சில்வர் உடம்பு. பக்கவாட்டில் அடி முதல் முடி வரை வரிவரியான மடிப்பு. நியூயார்க்கில் அதற்கு முன் எவர்சில்வர் பெட்டிகள் சில ஓடியிருந்தாலும், நூற்றுக்கணக்கில் வாங்கப்பட்ட முதல் வகை இதுதான்.

"ஆர்" என்பது ஒப்பந்த வரிசையின் குறியீடு. 1930-களில் புதிய நகராட்சி சப்வேக்காக வாங்கிய பெட்டிகள் ஆர்-1. அதிலிருந்து ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஒரு எண். சில எண்கள் பயணிகள் பெட்டிகளுக்கு அல்லாமல் வேறு வண்டிகளுக்குப் போயிருப்பதால் வரிசையில் இடைவெளிகள் தெரியும்.

"பிரைட்லைனர்" என்று சொல்வதும் இதைத்தானா?

ஆமாம், அறிமுகமானபோது விளம்பரத்தில் சூட்டிய பெயர் அது. சிவப்பும் பச்சையும் சாம்பலும் பூசிய இரும்புப் பெட்டிகளையே பார்த்துப் பழகிய ஊரில், பளபளவென்று வந்து நின்ற ரயிலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் ஓட்டம் எப்போது?

1964 செப்டம்பர் 9 அன்று அறிமுக விழா. சுவாரசியம் என்னவென்றால், அந்த ஓட்டம் சப்வேயில் நடக்கவில்லை. நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் தண்டவாளத்தில், பிராங்ஸ் பகுதியின் மாட் ஹேவன் யார்டிலிருந்து கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு வந்தது. சப்வே ரயில் ஒன்று தொலைதூர ரயில்களின் அந்தப் பெரிய நிலையத்துக்குள் நுழைவது லேசுப்பட்ட காட்சி இல்லை. பயணிகளுக்கான சேவை செப்டம்பர் 14 அன்று புரூக்ளினின் பிரைட்டன் தடத்தில் தொடங்கியது.

எவர்சில்வரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

இரண்டு காரணம்: எடை, பராமரிப்பு.

சாதாரண கார்பன் எஃகுப் பெட்டி துருப்பிடிக்கும். அதைத் தடுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் உள்ள ஊரில் இது முடிவில்லாத வேலை. எவர்சில்வருக்குக் கழுவினால் போதும். அது வலுவான உலோகமும் கூட. அதனால் மெல்லிய தகட்டிலேயே பெட்டியைக் கட்டலாம். முந்தைய எஃகுப் பெட்டிகளைவிட ஆர்-32 ஏறத்தாழ 4,000 பவுண்டு குறைவு, அதாவது கிட்டத்தட்ட 1,800 கிலோ. நிலையத்துக்கு நிலையம் நின்று கிளம்பும் ரயிலில் ஒவ்வொரு கிளம்பலிலும் அந்த எடைக்கு மின்சாரம் செலவாகிறது, ஒவ்வொரு பிரேக்கிலும் கட்டை தேய்கிறது.

விலை பெட்டிக்குச் சுமார் 1,14,000 டாலர். 600 பெட்டிகளுக்கும் சேர்த்து 6 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல். 1949-இல் இதே பட் நிறுவனம் ஆர்-11 என்று 10 எவர்சில்வர் பெட்டிகளை மாதிரிக்காகக் கட்டிக் கொடுத்திருந்தது. அப்போதே ஒன்றுக்கு 1,00,000 டாலர். பத்தும் சேர்ந்து "மில்லியன் டாலர் ரயில்" என்று பெயர் வாங்கின. அவை எந்தத் தடத்துக்காகத் திட்டமிடப்பட்டனவோ, அந்த இரண்டாம் அவென்யூ சப்வே அப்போது கட்டப்படவே இல்லை. அதனால் அந்த வகை அந்தப் பத்தோடு நின்றுபோனது. 15 வருடம் கழித்துத்தான் எவர்சில்வர் நியூயார்க்குக்கு மொத்தமாக வந்தது.

பட் நிறுவனத்திடம் மட்டும் அப்படி என்ன வித்தை இருந்தது?

வெல்டிங். இந்தப் பெட்டியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதில் கலந்துள்ள குரோமியம். சாதாரண வகையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் இருக்கும். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கும். அதுதான் கவசம். ஆனால் வழக்கமான முறையில் வெல்டு வைத்தால், பற்றவைத்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் நெடுநேரம் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டில் எஃகிலுள்ள கார்பன் குரோமியத்தைத் தன்னோடு இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். படலம் உண்டாக்க வேண்டிய குரோமியம் அந்த இடத்தில் குறைந்துபோகும். விளைவு, தகடு முழுக்கப் பளபளக்கும், வெல்டு வைத்த கோட்டை ஒட்டி மட்டும் துரு ஏறும். பெட்டியைத் தாங்க வேண்டிய இணைப்புதான் முதலில் பலவீனமாகும்.

1930-களின் தொடக்கத்தில் பட் நிறுவனத்தின் பொறியாளர் ஏர்ல் ராக்ஸ்டேல் இதற்கு வழி கண்டுபிடித்தார். இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளுக்கு இடையே அழுத்திப் பிடித்து, மிகப் பெரிய மின்னோட்டத்தை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் பாய்ச்சுவது. தகடுகள் தொடும் அந்தப் புள்ளி உருகி ஒட்டிக்கொள்ளும். கார்பன் தன் வேலையைத் தொடங்கும் முன்பே சூடு தணிந்துவிடும். மின்னோட்டம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதை இயந்திரமே துல்லியமாகக் கட்டுப்படுத்தும். இதற்கு "ஷாட்வெல்டு" என்று பெயர் வைத்துக் காப்புரிமையும் பெற்றார்கள். 1934-இல் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் ஓடிக் கடந்த பயனியர் ஜெபிர் ரயில் இந்த முறையில் கட்டப்பட்டதுதான். ஆர்-32 அதே பரம்பரை. 57 வருடம் உப்பும் ஈரமும் பனியும் பட்டும் இதன் உடம்பு உளுத்துப்போகவில்லை என்றால், அதற்கான விதை 30 வருடம் முன்பே பிலடெல்பியாவில் போடப்பட்டுவிட்டது.

பக்கவாட்டில் வரிவரியாக மடிப்பு எதற்கு? அழகுக்கா?

அழகும் உண்டு. ஆனால் முதல் காரணம் உறுதி. மெல்லிய தகட்டைச் சமதளமாக வைத்தால் நெளியும். தகரக் கூரையை ஏன் வரிவரியாக மடிக்கிறார்களோ, அதே காரணம்தான் இங்கும். இன்னொன்று, இப்படிப் புள்ளிப் புள்ளியாக வெல்டு வைத்த சமதளத் தகட்டில் வெளிச்சம் படும்போது சின்னச் சின்ன அலைகள் தெரியும். மடிப்பு இருந்தால் அது கண்ணில் படாது.

இதற்கு அடுத்து வந்த ஆர்-38 வகையைச் செயின்ட் லூயிஸ் கார் நிறுவனம் கட்டியது. அதில் பெட்டியின் கீழ்ப்பாதியில் மட்டும் மடிப்பு. தூரத்திலிருந்து இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

பெட்டிகள் ஜோடியாகவே ஓடியது ஏன்?

பக்கத்துப் பக்கத்து எண்ணுள்ள இரண்டு பெட்டிகள் நிரந்தரமாகக் கோர்க்கப்பட்டிருக்கும், 3352-உம் 3353-உம் போல. ஒன்றில் மின்கலமும் துணை மின்சாரக் கருவிகளும், மற்றதில் பிரேக்குக்கும் மற்றதற்கும் காற்று கொடுக்கும் கம்ப்ரசரும். எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைக்கத் தேவையில்லை. செலவு மிச்சம், எடையும் மிச்சம். மோட்டார்கள் மட்டும் இரண்டு பெட்டிகளிலும் உண்டு. பெட்டிக்கு நான்கு அச்சு, அச்சுக்கு ஒரு மோட்டார், ஒவ்வொன்றும் 115 குதிரைத்திறன்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு பெட்டி பழுதானால் நல்ல பெட்டியும் சேர்ந்து பணிமனைக்குப் போக வேண்டியதுதான். ஒரு பெட்டி விபத்தில் போய்விட்டால், தப்பித்த மற்றதற்கு அதே கதியான இன்னொன்றைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

நியூயார்க்கின் எல்லாத் தடங்களிலும் இது ஓடுமா?

ஓடாது. எண் பெயர் கொண்ட தடங்கள் (1 முதல் 7 வரை) பழைய, குறுகலான சுரங்கங்கள். அங்கே ஏறத்தாழ 9 அடி அகலமுள்ள, 51 அடி நீளப் பெட்டிகள்தான் நுழையும். எழுத்துப் பெயர் கொண்ட தடங்களுக்குத்தான் ஆர்-32. பல தடங்களில் ஓடிவிட்டு, கடைசிக் காலத்தில் ஏ, சி, ஜே, இசட் ஆகியவற்றில் இருந்தது.

1964 உலகக் கண்காட்சிக்காக வந்த ரயில் இதுதானா?

இல்லை. அது ஆர்-36, நீல-வெள்ளை பெயின்ட் அடித்து 7-ஆம் எண் தடத்தில் ஓடிய குறுகல் பெட்டி. அதே ஆண்டு வந்ததால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அசல் ஆர்-32 எப்படி இருந்தது?

கதவுகளுக்கு வெளியே வான்நீல நிறம். வெள்ளி உடம்பில் நீலக் கதவுகள் நல்ல எடுப்பு. பக்கத்துக்கு நான்கு இரட்டைக் கதவுகள், உள்ளே சுவரோரமாக நீள இருக்கைகள், குழல் விளக்குகள், கூரையில் மின்விசிறி. ஏசி கிடையாது. கோடையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு போக வேண்டும், சுரங்கத்தின் இரைச்சல் முழுவதும் உள்ளே வரும்.

ஓட்டுநர் பக்கத்தில் நின்று முன்னால் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ரசிகர்கள் இந்த வண்டியை இவ்வளவு நேசித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஓட்டுநர் அறை பெட்டியின் முழு அகலத்தையும் அடைத்துக்கொள்ளாது. வலது மூலையில் ஒரு சின்ன அறை. நடுவில் கதவு, அதில் ஜன்னல். முதல் பெட்டியில் ஏறினால் அந்தக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ஓட்டுநர் பார்ப்பதையே பார்த்தபடி போகலாம். இருட்டில் தூரத்தில் பச்சையாக ஒரு சிக்னல், அதற்கும் அப்பால் மஞ்சள், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம், பக்கத்துத் தடத்தில் எதிரே வரும் ரயிலின் முகவிளக்கு. வளைவில் திரும்பும்போது தூண்கள் வரிசையாக விலகி வழிவிடுவது போல இருக்கும். வெளிச்சமான நிலையம் முதலில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, பிறகு பெரிதாகி, ரயிலையே விழுங்கும். குழந்தைகள் இந்த இடத்துக்குச் சண்டை போடுவார்கள். பெரியவர்களும்தான்.

புதிய பெட்டிகளில் ஓட்டுநர் அறை முழு அகலம். ஓட்டுநருக்கு வசதி, பாதுகாப்பும் கூட, அதைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரு நகரம் தன் சுரங்கத்தைத் தன் மக்களுக்குக் காட்டிய ஒரே ஜன்னல் மூடிப்போனது ஒரு இழப்புதான். அதைத் தயங்காமல் சொல்வேன்.

கண்டக்டர் எங்கே நிற்பார்?

ரயிலின் நடுப்பகுதியில். கதவைத் திறந்து மூடுவது அவர் வேலை. இரண்டு ஜோடிகள் சந்திக்கும் இடத்தில் இரண்டு அறைகள் எதிரெதிராக வரும். ஒவ்வொன்றும் அதனதன் வலது மூலையில் இருப்பதால், ஒன்று ரயிலின் ஒரு பக்கத்திலும் மற்றது மறுபக்கத்திலும் அமையும். நடைமேடை இந்தப் பக்கம் வந்தால் இந்த அறை, அந்தப் பக்கம் வந்தால் அந்த அறை. அடுத்த நிலையத்தில் நடைமேடை மாறுகிறது என்றால் கண்டக்டர் பெட்டிகளுக்கு நடுவே தாண்டிப் போய் மற்ற அறையில் நிற்க வேண்டும். தடம் அவருக்கு மனப்பாடமாக இருந்தால்தான் இது நடக்கும். நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவரே. பதிவு செய்த குரல் எதுவும் கிடையாது.

1988-இல் என்ன மாற்றம் செய்தார்கள்?

1970-களில் நகரத்தின் நிதி நிலைமை மோசமாகி, பராமரிப்பு அடிபட்டது. ரயில்கள் உள்ளும் புறமும் கிறுக்கல்களால் நிறைந்திருந்தன. 1984-இல் தொடங்கிய தூய்மைத் திட்டத்தில், சுத்தம் செய்த ரயிலில் மறுபடி யாராவது கிறுக்கினால் அதை அழிக்கும் வரை சேவைக்கு விடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1989 மே மாதத்தில் கிறுக்கலோடு ஓடிய கடைசி ரயிலையும் எடுத்துவிட்டார்கள்.

அதே காலத்தில் ஆர்-32 பெட்டிகளையும் பிரித்து மறுபடி கட்டினார்கள். 10 பெட்டிகள் பஃபலோவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடமும், மற்றவை ஹார்னெல் நகரில் மாரிசன்-நட்சன் நிறுவனத்திடமும் போயின. 1990 வாக்கில் வேலை முடிந்தது. ஏசி வந்தது. நீலக் கதவு போய் வெள்ளிக் கதவு வந்தது. உள்பக்கம் முழுதும் புதிதானது. ஆனால் உடம்பு? அது 1964-இல் பற்றவைத்ததே. அதை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

சரி, இத்தனை வருடம் ஏன் ஓட்டினார்கள்?

திட்டப்படி பார்த்தால் இவை 2010 வாக்கிலேயே போயிருக்க வேண்டும். 2007-இல் தொடங்கி, புதிய ஆர்-160 பெட்டிகள் வரவர ஆர்-32-ஐ ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். பாதிக்கு மேல் போய்விட்டன. அப்போதுதான் 2009 இறுதியில் ஆர்-44 வகையில் சிக்கல் வெளியே வந்தது.

ஆர்-44 என்பது 1970-களின் தொடக்கத்தில் வந்த, 75 அடி நீளமுள்ள பெட்டி. ஆர்-32-ஐவிட ஏழெட்டு வருடம் இளையது. அதன் உடம்பில் கார்பன் எஃகுப் பகுதிகள் இருந்தன. ஆய்வில் பார்த்தால் அவை துருப்பிடித்து, பல பெட்டிகளின் கட்டமைப்பே சேதமடைந்திருந்தது. 2010-இல் அவற்றைச் சப்வேயிலிருந்து அகற்றினார்கள். அந்த இடத்தை நிரப்ப, காயலான் கடைக்குப் போகவிருந்த ஆர்-32 பெட்டிகளில் 222-ஐ வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இளையது உளுத்துப்போனதால் மூத்தது தங்கிவிட்டது.

இவற்றுக்கு மாற்றாகப் பொம்பார்டியர் நிறுவனத்திடம் கேட்ட ஆர்-179 வகை, பல வருடம் தாமதமானது. வந்த பிறகும் 2020 ஜனவரியில் கதவுக் கோளாறு, ஜூனில் ஓடும்போதே ரயில் இரண்டாகப் பிரிந்த சம்பவம் என்று இரண்டு முறை அவற்றை நிறுத்தினார்கள். இரண்டு முறையும் அந்த இடத்துக்கு வந்து நின்றது ஆர்-32-தான். புதிய பெட்டி வாங்கினால் பழையதை உடனே தள்ளிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தப் பத்து வருடங்களைக் காட்ட வேண்டும்.

அப்படியானால் கடைசி வரை நன்றாகவே ஓடியதா?

உடம்பு நன்றாக இருந்தது. மற்றவை இல்லை. பழுதில்லாமல் ஓடும் சராசரித் தூரத்தில் இவைதான் கடைசி இடம், சுமார் 33,000 மைல் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. புதிய பெட்டிகள் அதைவிடப் பல மடங்கு ஓடும். உதிரிபாகங்கள் கிடைப்பது கடினமானது, ஒதுக்கிய பெட்டிகளிலிருந்து கழற்றிப் போட்டார்கள். ஏசி பெரிய தலைவலி. சுரங்கத்தின் புழுக்கத்தில் அது திணறியது. அதனால் 2011 முதல் சில கோடைகளில் சி தடத்திலிருந்த ரயில்களில் ஒரு பகுதியை, பெரும்பாலும் உயர்த்தப்பட்ட பாதையில் திறந்த வெளியில் ஓடும் ஜே, இசட் தடங்களுக்கு மாற்றினார்கள். சி தடத்தில் தினமும் வேலைக்குப் போனவர்கள் இந்தப் பெட்டியைத் திட்டியதில் நியாயம் இருக்கிறது. அடுத்த நிலையம் எது என்று காட்டும் பலகைகூட இல்லாத ரயிலை 2019-இல் சகித்துக்கொள்வது ரசிகனுக்கு எளிது, அவசரத்தில் இருப்பவருக்கு எளிதில்லை.

பெட்டிகளைக் கடலில் போட்டார்கள் என்பது நிஜமா?

நிஜம். 2001 முதல் 2010 வரை 2,500-க்கும் மேற்பட்ட நியூயார்க் சப்வே பெட்டிகள் டெலவேர், நியூஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா, தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலில் மீன்களுக்கான செயற்கைப் பாறைகளாக இறக்கப்பட்டன. ஆர்-32-களில் பலவும் அதில் சேரும். கதவு, ஜன்னல், சக்கரத்தொகுதி, இருக்கை எல்லாம் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, வெறும் கூட்டைப் படகுமேடையில் அடுக்கிக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். மணல் தரையாக மட்டும் இருந்த இடங்களில் சிப்பிகள் ஒட்டின, மீன்கள் வந்தன.

இங்கே ஒரு திருப்பம். முதலில் போட்ட சிவப்புநிறக் கார்பன் எஃகுப் பெட்டிகள் நன்றாக நின்றன. எவர்சில்வர் பெட்டிகள் நிற்கவில்லை. 2008-இல் அட்லாண்டிக் சிட்டிக்கு அப்பால் இறக்கியவற்றில் பெரும்பாலானவை சில மாதங்களிலேயே சரிந்துவிட்டன. நியூஜெர்சி மேற்கொண்டு வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. தண்டவாளத்தில் எடையைக் குறைத்த அதே மெல்லிய தகடுகளும் புள்ளிப் புள்ளியான வெல்டுகளும், அலைகள் இடைவிடாமல் ஆட்டும் கடலடியில் தாங்கவில்லை.

எப்போது ஓய்வு கொடுத்தார்கள்?

அன்றாடச் சேவை 2020 அக்டோபரில் நின்றது. பெருந்தொற்றுக் காலம், வழியனுப்பு எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2021 டிசம்பரில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் சிறப்பு ஓட்டங்கள் விட்டார்கள். கடைசி ஓட்டம் 2022 ஜனவரி 9. கேமராவோடு கூட்டம் நடைமேடைகளில் நிரம்பி வழிந்தது.

பட் நிறுவனம் இன்றும் பெட்டி கட்டுகிறதா?

இல்லை. 1978-இல் ஜெர்மனியின் தைசன் நிறுவனத்தின் கைக்குப் போய், 1987-இல் ரயில் பெட்டித் தொழிலையே விட்டுவிட்டது.

இப்போது பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது?

3352, 3353 ஜோடி நியூயார்க் டிரான்சிட் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது, நீலக் கதவோடு பழைய தோற்றத்தில். மியூசியம் புரூக்ளினில், 1946-இல் மூடப்பட்ட கோர்ட் ஸ்ட்ரீட் சப்வே நிலையத்துக்குள்ளேயே அமைந்தது. படியிறங்கிப் போனால் நடைமேடையின் இரு பக்கமும் பழைய பெட்டிகள் நிற்கும், ஏறி உட்காரலாம். பெட்டிகளை அவ்வப்போது மாற்றி நிறுத்துவார்கள், சிறப்பு ஓட்டங்களுக்கும் எடுத்துப் போவார்கள். அதனால் இந்த ஜோடியைப் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள் அது அன்று அங்கே நிற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. பஃபலோவில் மறுபடி கட்டிய பத்துப் பெட்டிகளில் 3594, 3595 ஜோடியையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.